பைனாகுலரில் வானம் பார்க்க ஒரு சாய்வு நாற்காலி

பைனாகுலரில் நட்சத்திரம் பார்க்கும்போது கழுத்து வலியைவிடப் பெரிய தொல்லை கை நடுக்கம்தான். 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 50 மி.மீ.) ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். கையின் சிறு அசைவும் அதில் 10 மடங்காகத் தெரியும். அதனால் நாற்காலி செய்யும்போது முழங்கை தாங்கியில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வழக்கமான கைப்பிடிகள் மிகத் தாழ்வானவை. சாய்ந்து உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வையுங்கள். முழங்கை நிற்கும் உயரத்தை இன்னொருவர் அளக்கட்டும். அந்த உயரத்துக்குக் கட்டை வைத்து, மேலே கெட்டியான நுரைப்பஞ்சு ஒட்டுங்கள். தாங்கியை அடிச்சட்டத்தில் அடிக்காதீர்கள், முதுகுச் சட்டத்தோடு பொருத்துங்கள். அப்போதுதான் சாய்வை மாற்றினாலும் முழங்கைக்கு இடம் மாறாது. என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான்.

சாய்மானம் 3, 4 நிலைகளில் நிற்கப் பள்ளம் வெட்டிய மரச்சட்டம் போதும். தலைக்குச் சிறு தலையணை. நன்றாகச் சாய்த்தால் பின்பக்கம் கவிழும், பின்கால்களை நீளமாக வையுங்கள். அடியில் சுழல் தட்டு இருந்தால் வசதி. கட்டாயமில்லை, எழுந்து திருப்பிக்கொள்ளலாம்.

முடித்ததும் கார்த்திகை மீன்கூட்டத்தைப் பாருங்கள். மங்கலான மீன்களும் ஆடாமல் புள்ளியாக நின்றால் தாங்கியின் உயரம் சரி.