மானியம் வந்தால் பஞ்சாயத்துச் செலவு எப்படி மாறுகிறது: கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி போன்ற எல்லையோரப் பஞ்சாயத்துகளின் கிராமசபைகளில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. "இத்தனை லட்சம் வந்தது, இத்தனை லட்சம் செலவானது" என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. கேட்க வேண்டியது இதுதான்: மேலிருந்து இந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் பஞ்சாயத்து எதற்கு எவ்வளவு செலவு செய்திருக்கும்?

முதலில் காகிதம். பஞ்சாயத்தின் வருடாந்திர நிதி அறிக்கை தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு வேண்டும். பட்ஜெட் மதிப்பீட்டை நம்ப வேண்டாம், அசல் செலவை எடுங்கள். மாநில பட்ஜெட்டின் நான்காம் அனுபந்தத்தில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒதுக்கிய தொகை பெயரோடு இருக்கும். மத்திய நிதிக்குழுப் பணத்துக்கு இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தைப் பாருங்கள்.

மலையாளத் தலைப்புகளில் நான்கு தெரிந்தால் போதும். 'தனது ஃபண்ட்' என்பது பஞ்சாயத்தின் சொந்த வருமானம். 'வஸ்து நிகுதி' நம் கட்டிட வரி, அதுவும் தொழில் வரியும் லைசென்ஸ் கட்டணமும் தனது ஃபண்டில் சேரும். 'விகசன ஃபண்ட்' திட்டப் பணிகளுக்கு. மெயின்டனன்ஸ் ஃபண்ட் ரோடு, ரோடு அல்லாதவை என இரண்டாகப் பிரிந்து வரும், இருக்கும் சொத்தைப் பராமரிக்க மட்டும். ஜெனரல் பர்பஸ் ஃபண்டில்தான் கட்டுப்பாடு குறைவு. 'குடிவெள்ளம்' என்று கண்டால் அது குடிநீர்ச் செலவு.

பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை கிராம உள்ளாட்சிக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுப்பட்டது, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது: 30 குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, 30 துப்புரவுக்கு. மீதி 40 சதவீதத்திலும் சம்பளம், நிர்வாகச் செலவு செய்ய முடியாது. 2020-21இல் கட்டுப்பட்ட பங்கு 50 சதவீதம்தான், 2026-27 முதல் அடுத்த நிதிக்குழுவின் காலம். விதி மாறும் ஆண்டுகளைக் கலந்து ஒப்பிட்டால் விடை தப்பாகும்.

இனி கணக்கு. உதாரணமாக, ஒரு பஞ்சாயத்து தனது ஃபண்டிலிருந்து குடிநீருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் செலவழித்து வந்தது என்று வைப்போம். கட்டுப்பட்ட மானியம் 8 லட்சம் வருகிறது. அடுத்த ஆண்டு மொத்தக் குடிநீர்ச் செலவு 18 லட்சம் என்றால் மானியம் முழுக்கக் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. 13 லட்சம் என்றால் கூடியது 3 மட்டும். மீதி 5 லட்சம் சொந்தப் பணம் குடிநீரை விட்டு வெளியேறி வேறெங்கோ போயிருக்கிறது. மானிய ரசீதும் பயன்பாட்டுச் சான்றும் இரண்டு நிலையிலும் சுத்தமாகவே இருக்கும், தணிக்கையில் எதுவும் தெரியாது. தனது ஃபண்டில் எந்தத் தலைப்பு திடீரென்று ஏறியிருக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் அந்த 5 லட்சம் இருக்கும். கிழிந்து கிடந்த ரோட்டைச் சரிசெய்யப் போயிருந்தால் நியாயமும் இருக்கலாம். ஆனால் அது கிராமசபையில் பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எப்போது செலவை உண்மையில் மாற்றும்? பஞ்சாயத்து தானாகச் செய்திருக்கும் செலவைவிட மானியம் பெரிதாக இருக்கும்போதுதான். கிழக்குப் பாலக்காட்டில் மழை குறைவு. கோடையில் டேங்கர் தண்ணீருக்கு எப்படியும் காசு போகும். எனவே குடிநீர் மானியம் சொந்தப் பணத்தை விடுவிக்கவே வாய்ப்பு அதிகம். துப்புரவில் முன்பு பெரிதாகச் செலவு இல்லையென்றால், அங்கே மானியம் செலவை உண்மையிலேயே உயர்த்தும். இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

பிழை வரும் இடங்கள் சில. ஒரே ஆண்டில் மேல்நிலைத் தொட்டி கட்டினால் செலவு எகிறும், ஆகவே மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். பிளாக் பஞ்சாயத்தும் கேரள வாட்டர் அத்தாரிட்டியும் அதே வார்டில் செய்த வேலை உங்கள் கணக்கில் இராது. மார்ச்சில் கருவூலத்தில் வரிசையில் நின்று ஏப்ரலில் பாஸான பில் அடுத்த ஆண்டுச் செலவாகத் தெரியும். மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பிப்ரவரி, மார்ச்சில் குவிந்தால், தவணை தாமதமா, டெண்டர் தாமதமா என்று தேதி வாரியாகக் கேளுங்கள். அவசரத்தில் தேர்வாவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும் கான்கிரீட் வேலை.

அடுத்து வரி. மானியம் வரும்போது அதே அளவுக்கு வரி குறைவதில்லை, பணம் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பொருளாதாரத்தில் இதற்கு 'ஈ ஒட்டும் தாள் விளைவு' என்று பெயர், ஆர்தர் ஓகன் வைத்தது. ஆனால் வசூலில் மெத்தனம் வரலாம். கேரளத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டிட வரி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. டிமாண்ட் (கட்ட வேண்டிய வரித் தொகை) ஏறியும் வசூல் அதே இடத்தில் நின்றால், அந்தப் பள்ளத்தை மானியம் மூடுகிறது என்று சந்தேகப்படலாம்.

கடைசியாக, மானியத்தில் கட்டிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டுச் செலவை எழுதுங்கள்: போர்வெல்லுக்கு மோட்டார் கரண்ட் பில், எரிந்த மோட்டாரின் கம்பிச் சுருளை (காயிலை) மறுபடி கட்டும் கூலி, பம்ப் ஆபரேட்டர் சம்பளம். மானியம் ஒருமுறை வரும், இவை தனது ஃபண்டை வருடாவருடம் தின்னும். இந்தக் கூட்டுத்தொகை சொந்த வருமானத்தைவிட வேகமாக ஏறினால், அடுத்த கட்டுமானத்துக்குக் கை தூக்கும் முன் பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். சட்டப்படி கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வார்டு வாரியாகக் கூட வேண்டும். கேள்வியை எழுத்தில் கன்வீனரான வார்டு மெம்பரிடம் கொடுத்து, மினிட்ஸில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.