பயணத்துக்கு ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் போக ஒருமுறை 70-200 எம்எம், எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை (எம்எம் கூடக் கூடத் தூரத்துக் காட்சி கிட்டே வரும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்) இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கல்யாண மகாலைத் தாண்டி ராஜகிரிப் படிகளில் ஏறத் தொடங்கும்போது பெருமையாகக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி மலை ஏறுவதற்குள் பைக்குள் போய்விட்டது. உச்சிக்குப் போனால் எதிரே கிருஷ்ணகிரிப் பாறைகள், கீழே கல்யாண மகாலின் கூம்புக் கூரை, எல்லாமே தூரத்து லென்ஸுக்கென்றே வைத்த மாதிரி காட்சிகள். அத்தனையையும் போனில் எடுத்துவிட்டு இறங்கினேன். பையைத் திறந்து அந்த லென்ஸை மறுபடி மாட்டக் கை வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் ஜூம் லென்ஸ் வாங்க யார் யோசனை கேட்டாலும் நான் எடையில்தான் ஆரம்பிப்பேன். உங்களால் எவ்வளவு தூக்க முடியும் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கேமரா வாரோடு சேர்த்துக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். தண்ணீர் அரை கிலோ, இன்றைய லேசான ஜூம்கள் பலவும் அந்த எடைக்கு முன்னே பின்னேதான். சிரமமே இல்லை என்றால் 600, 650 கிராம் வரை போகலாம், வழியில் இரண்டு முறை தோள் மாற்றினீர்கள் என்றால் 400 கிராமுக்குள் தேடுங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான்.

ஏன் சில லென்ஸ்கள் இவ்வளவு கனம்? குவியத் தூரத்தை, அதாவது அந்த எம்எம் எண்ணை, எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71, அதாவது முன்கண்ணாடி குறைந்தது 71 மில்லிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் 45 போதும். கண்ணாடி பெரிதானால் அதைத் தாங்கும் உலோகம், மோட்டார், குழல் எல்லாமே பெரிதாகும். ஆக, லேசான லென்ஸ் என்றால் எஃப் 5.6, 6.3 என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த லென்ஸ் என்றுதான் பொருள். எஃப் 2.8-க்கும் 5.6-க்கும் இடையே வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) 400-இல் எடுக்க வேண்டியதை 1600-இல் எடுக்க வேண்டும். பகல் வெயிலில் இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து எத்தனை எம்எம் வேண்டும் என்பது. இதில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள், 300 இருந்தால் 400, 400 இருந்தால் 600 என்று ஆசை போய்க்கொண்டே இருக்கும். உங்களிடம் கேமராவோடு வந்த 18-55 இருக்கும் இல்லையா, அதில் 55-இல் வைத்து எடுத்த பழைய படங்களைக் கணினியில் திறந்து, நீங்கள் அன்று உண்மையில் எடுக்க நினைத்த பகுதியை மட்டும் வெட்டிப் பாருங்கள். வெட்டிய துண்டு படத்தின் அகலத்தில் பாதி என்றால் உங்களுக்கு வேண்டியது 110 எம்எம், கால்வாசி என்றால் 220. இருபது முப்பது படங்களை இப்படிப் பார்த்தால் உங்கள் கண் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு முக்கால்வாசிப் படங்கள் 100-க்கும் 200-க்கும் நடுவில்தான் விழுந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்கள், தெருவின் அந்தக் கோடியில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மா, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி தெரியும் மலைகள், எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

பறவை என்றால் கதை வேறு. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் மரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகள் இருக்கும், 250-இல் மரம் கிடைக்கும், கூட்டம் கிடைக்கும், ஒற்றைப் பறவையின் கண் கிடைக்காது. வால்பாறை போகிறவர்களுக்கு 250 பெரும்பாலும் போதும், ஆழியாறிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலையோரத்துக்கே வரும், புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் தலைக்கு மேலேயே இருக்கும். இருவாச்சியைத் தேடிப் போகிறீர்கள் என்றால் 400 வரை போகிற லென்ஸைப் பாருங்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம். கேனான் கிராப் சென்சார் (முழு அளவை விடச் சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் அதிகம் யோசிக்கவே வேண்டாம், 55-250 எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் பெயர்), 375 கிராம், அந்த எடைக்கு அது தரும் கூர்மை ஆச்சரியம்தான். ஆனால் இதே 55-250-இல் பழைய பதிப்புகள் இரண்டு உண்டு, பழைய சந்தையில் வாங்கும்போது லென்ஸில் எஸ்டிஎம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனான் ஆர்50, ஆர்10 போன்ற மிரர்லெஸ்களுக்கு 55-210 வெறும் 270 கிராம், கடைசியில் எஃப் 7.1 என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் டிஎஸ்எல்ஆருக்கான அந்த 55-250 எஸ்டிஎம்மை அடாப்டரோடு போட்டாலும் 485 கிராம்தான். தூரம் வேண்டுமென்றால் ஆர்எஃப் 100-400, 635 கிராம், கிராப் கேமராவில் அது முழு அளவு சென்சாரில் 640 வரை போன மாதிரி இருக்கும். எஃப் 8 என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, காலை எட்டு மணி வெயிலில் அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நிக்கான் கிராப் டிஎஸ்எல்ஆர்களுக்கு ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் (நடுக்கத் தடுப்பு), 415 கிராம், நல்ல லென்ஸ். இரண்டு எச்சரிக்கைகள். விஆர் இல்லாத பதிப்பும் கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் வரும், விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, டி90, டி7000, டி5100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஃபோகஸே செய்யாது, கையால் திருப்பினாலும் செய்யாது. நிக்கான் மிரர்லெஸ் கிராப் பாடிகளுக்கு 50-250, 405 கிராம்.

சோனியில் 55-210 லேசு, 345 கிராம், ஆனால் வயதாகிவிட்டது. 70-350 தான் நான் கைகாட்டுவது, 625 கிராம். டாம்ரான் 70-300 இன்னும் 80 கிராம் குறைவு, விலையும் குறைவு, ஆனால் அதில் நடுக்கத் தடுப்பு இல்லை. ஏ6000, ஏ6400 மாதிரி பாடிக்குள்ளும் நடுக்கத் தடுப்பு இல்லாத கேமராவில் அதைப் போட்டால் 300-இல் வியூஃபைண்டரே ஆடும். எடைதான் எல்லாம் என்பவர்களுக்கு ஒலிம்பஸ் 40-150 இருக்கிறது, 190 கிராம், ஒலிம்பஸ் கேமராக்களின் இன்னும் சின்ன சென்சாரில் அது முழு அளவு சென்சார் கணக்கில் 80-300 மாதிரி. நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி கண்ணில் படாது என்பதுதான் குறை.

ஒரே லென்ஸில் எல்லாம் என்று 18-300, 18-400 வகைகளும் உண்டு, பெரும்பாலும் 600-இலிருந்து 700 கிராம் சொச்சம். புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டாம் என்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தேநீர் குடிக்கப் போகும்போதும் அந்த 600 கிராமைக் கழற்ற முடியாது.

நடுக்கத் தடுப்பு பற்றி ஒரு குழப்பம் எப்போதும் இருக்கிறது. அது நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், எதிரில் இருப்பது ஆடுவதை அல்ல. சோழர் சிற்பம் அசையாது, 250-இல் 1/60 நொடியில்கூட எடுத்துவிடலாம். பறக்கிற நாரைக்கு 1/1000-க்குக் குறையக் கூடாது, ஓடுகிற பேருந்து ஜன்னலிலிருந்து எடுப்பதற்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. கோயில் மண்டபத்து இருட்டில் எஃப் 6.3 தடுமாறும், அதற்காகக் கனமான ஜூம் வாங்காமல் 50 எம்எம் எஃப் 1.8 ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனானில் அது 160 கிராம், 55-250-உம் சேர்த்தால் 535 கிராம், நான் செஞ்சிக்குத் தூக்கிப்போனதில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் கூடுதல்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவை எடுத்துப் போங்கள். லென்ஸை மாட்டி, கடைசி எம்எம்முக்குத் தள்ளி, எதிர்ச்சாரியில் இருக்கும் கடைப் பலகையை லென்ஸ் துவாரத்தை முழுதும் திறந்து, அதாவது இருப்பதில் குறைந்த எஃப் எண்ணில், எடுங்கள், எழுத்தை நடுவில் வைத்து ஒன்று, நான்கு மூலைகளில் வைத்து நான்கு. ஒரு மூலை மட்டும் மங்கினால் வேறு லென்ஸ் கேளுங்கள். வெயில் நேரத்தில் சாலைக்கு மேலே கானல் ஓடும், அதுவே படத்தை மசமசவென்று ஆக்கும், லென்ஸைக் குறை சொல்லாமல் கிட்டத்தில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அப்புறம் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் குழல் தானாக வழிந்து இறங்குகிறதா என்றும் பாருங்கள், நடக்கும்போது தொங்கவிட்டால் இடித்துக்கொண்டே இருக்கும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு மலிவு யூவி ஃபில்டர் போடாதீர்கள், 250-இல் அது கூர்மையைத் தின்றுவிடும், அந்தக் காசில் ஹூட் (லென்ஸ் முன்னால் வெயிலை மறைக்கும் வளையம்) வாங்கலாம், கேனான் தன் விலை குறைந்த லென்ஸ்களோடு அதைத் தருவதில்லை. சென்னை, கடலூர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் வைக்காதீர்கள், மாவு மாதிரி தூள் ஜூம் குழலுக்குள் போய்விடும்.