உடலுக்குள் போகும் கமரா: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டும் நுண்கமராக்களில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய வெளிநாடு போகும் பிள்ளைகள் இப்போது சிலர் இருக்கிறார்கள். விடுமுறைக்கு மட்டக்களப்புப் பக்கம் வந்தால் மடிக்கணினியோடு என் வீட்டுக்கும் வந்துவிடுவார்கள். அவர்கள் காட்டுவதைப் பார்க்கையில் சந்தோஷத்தோடு எரிச்சலும் வருகிறது. எங்கள் தலைமுறை விழுந்த குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். தரவுக்குப் பிரதி எடுத்து வையுங்கள், குறிப்பேடு எழுதுங்கள் என்பதையெல்லாம் எவரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆகச் சிறியதைத் தேடி ஓடுவது

ஒம்னிவிஷன் நிறுவனத்தின் ஓவி6948 என்ற, படம்பிடிக்கும் சென்சரின் ஒரு பக்கம் 0.575 மில்லிமீற்றர். 2019இல் கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் ஏறியது. ஆனால் அது தருவது 200க்கு 200, மொத்தம் 40,000 பிக்சல்கள்தான். முழங்கால் மூட்டுக்குள் வழமையாக நுழைவது 4 மில்லிமீற்றர்க் குழாய். அவ்வளவு இடம் இருக்கும்போது இந்தப் பொடியைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

காற்றில் அளந்துவிட்டு நீரில் நம்புவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு தம்பி, முழங்கால் மூட்டுக்குள் எலும்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இரட்டைக் கமராவால் கணிக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். தாளில் அச்சடித்த சதுரங்கக் கட்டங்களை மேசையில் வைத்து அளவுத்திருத்தம் செய்தார், அதாவது கமரா காட்டுவதை உண்மையான அளவோடு பொருத்தினார். 2000ஆம் ஆண்டில் செங்யோ ஜாங் வெளியிட்ட முறை. உலகமே பின்பற்றுகிறது, அதில் குற்றமில்லை. பிழை அரைப் பிக்சலுக்கும் கீழே வந்தது. அந்த அழகான எண்ணைப் பார்த்து மேற்பார்வையாளரும் தலையாட்டிவிட்டார்.

சத்திரசிகிச்சையின்போது மூட்டை நிரப்பியிருப்பது சேலைன் என்ற உப்புநீர். ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.33. கமராவின் முகப்பில் தட்டைக் கண்ணாடி இருந்தால், காற்றில் 120 பாகை அகலம் பார்த்த கமரா சேலைனுக்குள் 81 பாகை அளவுதான் பார்க்கும். எல்லாம் பெருத்து, கிட்ட வந்தாற்போல் தெரியும். நேர் எதிரே 20 மில்லிமீற்றரில் இருக்கும் எலும்பு 15இல் இருப்பதாகக் கணினி சொல்லும். உயர்தரப் பௌதிகத்தில் தோற்ற ஆழக் கணக்கைச் செய்து முழுப்புள்ளி வாங்கியவர்கள்தான் இதை மறக்கிறார்கள்!

என் கோபமெல்லாம் இதற்கடுத்த கட்டத்தில். தூரம் பிழைக்கிறது என்றதும், வந்த விடைகளையெல்லாம் 1.33ஆல் பெருக்கிவிடுகிறார்கள். படத்தின் மையத்தில் அது சரியாக வந்துவிடும். ஏமாறுவது அங்கேதான். சேலைனில் 30 பாகை சரிந்து வரும் கதிர், கண்ணாடியைத் தாண்டும்போது ஏறக்குறைய 42 பாகை ஆகிவிடுகிறது. மைய அச்சிலிருந்து விலகும் தூரம் அங்கே 1.54 மடங்காகத் தெரியும். 40 பாகையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இடத்துக்கு இடம் மாறுகிற ஒன்றை ஒற்றை எண்ணால் எப்படி மடக்குவது? தம்பி காட்டிய சோதனைகள் எல்லாவற்றிலும் இலக்கு நடுவிலேயே இருந்தது. ஓரத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார், பிறகு வெகுநேரம் பேசவில்லை. அதுவரை சேர்த்த அளவுகளில் பெரும்பகுதியை அவர் மீண்டும் எடுக்க நேர்ந்தது. முடிப்பதற்குள் உதவித்தொகைக் காலமும் தீர்ந்துவிட்டது.

சேலைனுக்குள்ளேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள். தாள் ஊறி நெளியும், ஆகவே கண்ணாடியிலோ செரமிக்கிலோ பொறித்த கட்டங்கள் வேண்டும். முகப்பில் ஒட்டும் குமிழிகளைத் தட்டிவிடுங்கள். கண்ணாடியில் நிகழும் முறிவை நேரடியாகவே கணக்கில் எடுக்கும் கணித மாதிரியைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. சேலைனை உடல் வெப்பத்துக்குச் சூடாக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். முறிவுச்சுட்டி அதனால் மூன்றாம் தசம தானத்தில்தான் அசையும். அதற்காக மெனக்கெட வேண்டாம். வயிற்றைக் காபனீரொட்சைட்டால் ஊதிச் செய்யும் சத்திரசிகிச்சை என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளிச்சத்தைக் கடைசியில் யோசிப்பது

ஈர இழையம் கண்ணாடிபோல் மினுங்கும். ஒரு மினுக்கம் போதும், தன்னியக்க ஒளிக்கட்டுப்பாடு மிரண்டு மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டினால் நுனி சூடாகும். உடலைத் தொடும் பாகம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் சர்வதேச நியமம் கேள்வி கேட்கும்.

ஆட்டீரலை நம்புவது

சோதனைக்காகக் கல்முனைச் சந்தையில் வாங்கிய ஈரலில் இரத்தம் ஓடாது, கசியாது. மூச்சுக்கேற்ப அசையவும் செய்யாது. அதில் பெற்ற வெற்றியை ஆய்வேட்டில் பெரிதாக எழுதாதீர்கள். வடிவம் மட்டும்தான் தேவை என்றால், நோன்புக் காலத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசியை அச்சில் ஊற்றினாலே காரியம் முடிந்துவிடும்.

ஒரே காணொளியைப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பங்கிடுவது

கணினிக்குக் கற்பிக்கும் காணொளிகளையும் அதைச் சோதிக்கும் காணொளிகளையும் நோயாளி வாரியாகப் பிரியுங்கள்; ஒரே நோயாளி இரண்டு பக்கமும் வரக்கூடாது.

ஆவி படிவது

குளிரூட்டிய அறையில் கிடந்த கமரா உடலுக்குள் போனதும் மங்கிவிடும். சத்திரசிகிச்சை நிபுணர்கள் நுனியை இளஞ்சூட்டுச் சேலைனில் தோய்த்துவிட்டு இறக்குவது அதனால்தான். எங்கள் ஊரில் இதைச் சோதிக்க உடலே தேவையில்லை, ஆய்வுகூடக் கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்தால் போதும்.

பசையைக் கேட்காமல் விடுவது

கருவிகளைக் கிருமிநீக்கும் நீராவி 121 அல்லது 134 பாகை செல்சியஸில் இருக்கும். வில்லையை ஒட்டிய பசை அதைத் தாங்குமா என்று முதல் வருடத்திலேயே விசாரியுங்கள். தாங்காதென்றால் எத்திலீன் ஒட்சைட்டு வாயுதான் வழி. அந்த வசதி உள்ள வைத்தியசாலையையும் அப்போதே தேடத் தொடங்குங்கள்.