சின்ன டேபிள் சா: அறுக்கும் முன் கைடைப் பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன இடத்தில் டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) வைத்திருப்பவர்களுக்கு இது. வெட்டு கோணலாக வந்தால், பிளேடை மாற்றும் முன் கைடை, அதாவது பலகையை ஒட்டித் தள்ளும் நேர்ச்சட்டத்தை, சரிபாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் மார்க்கரால் குறியிடுங்கள். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது கைடு வரை அளந்து, அதையே பின்பக்கம் சுழற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். பின்னால் இடைவெளி குறைந்தால் பலகை இறுகி நம் மேலேயே பாயும். எனக்குப் பெரிய பயமே அதுதான். பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கியே நில்லுங்கள்.

பல் பலகைக்கு மேல் 3 முதல் 6 மி.மீ. தெரிந்தால் போதும். ஒல்லித் துண்டைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். கையுறை வேண்டவே வேண்டாம், பல்லில் சிக்கினால் கையையே இழுத்துவிடும்.

அப்புறம், இரும்பு மேசை என்றால் நம் கடல் காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும், பலகை திக்கித் திக்கி நகரும். அவ்வப்போது மெழுகு தேயுங்கள்.