செத்தவர்களை வகுத்துப் போர்த்திறனைக் கண்டுபிடிக்காதீர்கள்

போன மாதம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு எக்செல் பட்டியல் அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை, சோவியத் செம்படை இரண்டில் எது திறமையாகச் சண்டை போட்டது என்பதற்கு மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு. நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனேன். 3.2 என்று இருந்தது. ஒரு ஜெர்மன் சிப்பாய் மூன்று சோவியத் சிப்பாய்களுக்குச் சமம் என்று அர்த்தமாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே எண்ணை எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

தேதி பிசகுவது, தளபதிகளின் பெயரை மாற்றி எழுதுவது போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள். இரண்டு படைகளை எண்களால் ஒப்பிடும்போது கணக்கையே கெடுக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மொத்தச் சாவை மொத்தச் சாவால் வகுப்பது

அந்த 3.2 எப்படி வருகிறது என்று பாருங்கள். கிரிவோஷேயேவ் தலைமையிலான ரஷ்ய ராணுவ ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட கணக்குப்படி சோவியத் படைகளில் இறந்தவர்கள் சுமார் 87 லட்சம். கிழக்குப் போர்முனையில் 1944 டிசம்பர் வரை இறந்த ஜெர்மன் வீரர்கள் சுமார் 27 லட்சம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 3.2.

ஆனால் அந்த 87 லட்சத்துக்குள் சண்டையில் சாகாதவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர், அவர்களில் சுமார் 33 லட்சம் பேர் சிறையிலேயே இறந்தார்கள் என்பது ஜெர்மன் ஆவணங்களை வைத்துப் போட்ட கணக்கு. 1941-ல் பிடிபட்டவர்களில் மட்டும் 1942 பிப்ரவரிக்குள் சுமார் 20 லட்சம் பேர் செத்துப்போனார்கள். முள்கம்பி போட்ட வெட்டவெளி, பல முகாம்களில் கூரையே கிடையாது, குளிருக்கு மண்ணில் பள்ளம் தோண்டிப் படுத்தார்கள், புல்லையும் மரப்பட்டையையும் தின்றார்கள், அப்புறம் டைபஸ் காய்ச்சல் வந்தது. கமிசார்கள் (செம்படையின் அரசியல் அதிகாரிகள்), யூதர்கள் என்று பிரித்தெடுத்துச் சுட்டுக் கொன்றது தனி. கையில் ஆயுதமே இல்லாதவனைப் பட்டினி போட்டுக் கொன்றதைப் 'போர்த்திறன்' என்ற தலைப்பின் கீழ் கொன்ற படைக்கே மதிப்பெண்ணாகப் போட்டுக்கொடுக்கிறோம். இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு இது உறைத்தது ஒரு நூலகத்தின் மாடி அறையில். இருபது பேர் இருந்திருப்பார்கள். சுவரில் பட்டியலைக் காட்டி அந்த விகிதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எழுந்து, "தம்பி, பிடிபட்டுப் பட்டினியில செத்தவன் இதுல எந்தக் கட்டத்துல இருக்கான்?" என்று கேட்டார். எந்தக் கட்டத்திலும் தனியாக இல்லை. 'இறந்தவர்' என்ற ஒரே கட்டத்தில் எல்லாரும் கலந்து கிடந்தார்கள். பேச்சை அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பட்டியலைப் பிரிக்க உட்கார்ந்தேன், நாலு மாதம் ஆனது.

சரி, அதற்காக 87-லிருந்து 33-ஐக் கழித்துவிட்டு மீதியை வகுக்காதீர்கள். மாணவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் செய்தது அதைத்தான். ரஷ்யக் கணக்கில் பிடிபட்டவர்களும் குறைவு, சிறையில் இறந்தவர்களும் மிகக் குறைவு. படையில் சேர அழைக்கப்பட்டு, பிரிவுக்குப் போய்ச் சேரும் முன்பே வழியில் பிடிபட்டவர்களை ஜெர்மானியர்கள் கைதிகளோடு சேர்த்து எண்ணினார்கள், ரஷ்யக் கணக்கு அவர்களைத் தனியாக வைக்கிறது. ஒரு ஊர் மரக்காலில் அளந்த நெல்லை இன்னொரு ஊர் மரக்கால் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

வகுக்கும் எண்ணும் கோணல்தான். 27 லட்சம் என்பது 1944 டிசம்பரோடு நிற்கிறது. அதற்கு அடுத்த மாதம், 1945 ஜனவரியில் மட்டும், எல்லா முனைகளிலும் சேர்த்துச் சுமார் நாலரை லட்சம் ஜெர்மன் வீரர்கள் இறந்தார்கள், பெரும்பகுதி கிழக்கில். போரிலேயே ஜெர்மன் படைக்கு மிக மோசமான மாதம் அது, பட்டியலில் அந்த மாதமே இல்லை! ருமேனியா, ஹங்கேரி, இத்தாலி, பின்லாந்து வீரர்களும் இல்லை. 1942 நவம்பர் 19-ல் ஸ்டாலின்கிராடு பக்கம் செம்படையின் முதல் அடி விழுந்தது ருமேனியர்கள் மேல்தான். அவர்கள் செத்தது இந்தப் பக்கம் சேரவில்லை, அவர்கள் கொன்றவர்கள் மட்டும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

1941-ஐயும் 1944-ஐயும் கூட்டிச் சராசரி எடுப்பது

1941 செப்டம்பரில் கீவ் சுற்றிவளைப்பில் 6,65,000 சோவியத் வீரர்களைப் பிடித்ததாக ஜெர்மானியர்கள் அறிவித்தார்கள். 1944 ஜூனில் செம்படை தொடங்கிய பக்ராத்தியோன் என்ற பெருந்தாக்குதலில் ஜெர்மானியர்களின் நடுப் படைத்தொகுதி 28 டிவிஷன்களை (ஒவ்வொன்றும் பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) இழந்தது. இடையில் இருந்த மூன்று வருஷத்தில் இரண்டு பக்கமும் ஆள் மாறி, ஆயுதம் மாறி, அதிகாரிகளின் தரம் மாறிவிட்டது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற படை எந்த நாளிலும் எந்தக் களத்திலும் நின்றதில்லை. ஒரு களம், ஒரு மாதம் என்று எடுத்து ஒப்பிடுங்கள்.

தாக்கியவரையும் காத்தவரையும் பிரிக்காமல் விடுவது

பதுங்குகுழியில் இருந்தவர் யார், திறந்தவெளியில் ஓடிவந்தவர் யார் என்பதை முதல் கட்டத்திலேயே எழுதுங்கள்.

'இழப்பு' என்ற சொல்லை நம்புவது

சோவியத் ஏட்டில் 'மருத்துவ இழப்பு' (சிகிச்சைக்காகக் களத்தை விட்டுப் போனவர்கள்) என்ற கணக்கில் காயம்பட்டவர்களோடு நோயாளிகளும் உண்டு, அதை ஜெர்மன் காயக் கணக்கோடு நேராக ஒப்பிடக் கூடாது. டாங்கி விஷயம் இன்னும் சிக்கல். ஜெர்மன் ஏட்டில் திருத்தவே முடியாதவைதான் முழு இழப்பு, பட்டறைக்குப் போனது அதில் வராது. 1943 ஜூலை 12-ல் புரோகரோவ்கா என்ற இடத்தில் நடந்த டாங்கிச் சண்டை முடிந்தபோது களம் ஜெர்மானியர்கள் கையில் இருந்ததால் தங்கள் டாங்கிகளை இழுத்துப் போனார்கள், சோவியத் டாங்கிகளை அங்கேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அன்றைய கணக்கில் களம் யார் கையில் இருந்தது என்பதும் கலந்திருக்கிறது.

சுட்டவர் சொன்ன எண்ணிக்கை

1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை சுமார் 60. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டார்கள், மூன்று பேரும் தன் கணக்கில் எழுதினார்கள். விழுந்த விமானத்தை, அதை அனுப்பியவர்களின் ஏட்டில் தேடுங்கள்.