மினி பஸ்ஸில் பிரியேனேயும் டிடிமாவும்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்குத் துருக்கிக்குப் போகிறவர்களில் பலர் எபேசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குத் தெற்கே, புயுக் மெண்டெரெஸ் ஆற்றுச் சமவெளியை ஒட்டி, பிரியேனே, மிலேத்து, டிடிமா என்று மூன்று பழைய இடங்கள் இருக்கின்றன. சுற்றுலா வேன்கள் மூன்றையும் ஒரே நாளில் காட்டி முடித்துவிடும். அப்படிப் பார்க்காதீர்கள். உள்ளூர் மினி பஸ்ஸில் நிதானமாகப் போங்கள். வழியில் நீங்கள் கடக்கும் பருத்தி வயல்கள் ஒரு காலத்தில் கடலாக இருந்தவை. ஆறு கொண்டுவந்த வண்டல் வளைகுடாவைத் தூர்த்து, மிலேத்துவின் துறைமுகங்களை வயல்களுக்கு நடுவே விட்டுவிட்டது. இடிபாடுகளின் கதையில் பாதி அந்த வயல்களில்தான் கிடக்கிறது. அதை ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

1. செல்ச்சுக்கில் தங்குங்கள்

இஸ்மிர் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. தெனிஸ்லி செல்லும் ரயிலில் ஏறினால் செல்ச்சுக்கில் இறங்கலாம். எபேசு அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர். டாக்சியில் மேல் வாசலுக்குப் போய், சரிவில் நடந்து கீழ் வாசலில் வெளியே வாருங்கள். வெயிலில் ஏற வேண்டியிருக்காது. எபேசுவைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் தெற்கே போகிறேன்.

2. தொல்முஷ் ஏறும் முறை

இந்த ஊர்களை இணைக்கும் மினி பஸ்ஸுக்குத் தொல்முஷ் என்று பெயர். ஊரின் பஸ் நிலையமான ஓட்டோகாரில் நிற்கும். போகும் ஊரின் பெயர் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும். சில வண்டிகள் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும்.

சில்லறையாக லிரா வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருந்தால், முன்னால் இருப்பவர் தோளைத் தொட்டுப் பணத்தைக் கொடுத்து, ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். பணம் கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். உங்கள் கைக்கு அடுத்தவர் பணம் வந்தால் நீங்களும் முன்னால் கொடுத்துவிடுங்கள். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது "இனெஜெக் வார்" என்று குரல் கொடுங்கள், வண்டி நிற்கும். இடம் தெரியாவிட்டால், ஏறும்போதே ஓட்டுநரிடம் "பிரியேனே" என்று சொல்லி வையுங்கள்.

3. சோக்கே வழியாகப் பிரியேனே

காலையிலேயே கிளம்பி, செல்ச்சுக்கிலிருந்து குஷாதாசி, அங்கே வண்டி மாறிச் சோக்கே, பிறகு பிரியேனேயை ஒட்டியிருக்கும் குல்லுபஹ்ச்சே கிராமத்துக்குப் போகும் தொல்முஷ். இந்தக் கடைசித் துண்டுதான் முக்கியம். ஓட்டுநர் உட்காரும் இடப்பக்கத்தில் இடம் பிடியுங்கள். வலப்பக்கம் மலை, இடப்பக்கம் முழுக்கச் சமவெளி. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போனால் பருத்தி வெடித்து வயல்கள் வெளுத்திருக்கும். கோடை உச்சத்தில் வேண்டாம், நிழல் போதாது.

கிராமத்தில் இறங்கியதும், திரும்பும் வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஸோன் தொல்முஷ் கச்தா?" என்றால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். பிறகு தண்ணீர் பாட்டிலோடு மேட்டில் ஏறுங்கள்.

பிரியேனே மலைச் சரிவில் படிப்படியாக அமைந்த ஊர். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தெருக்களை நேர்கோட்டில், கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கிரேக்கப் பெண் தெய்வமான ஆத்தீனாவின் கோயிலை வடிவமைத்தவர் பித்தியோஸ். அதை அர்ப்பணித்தவர் அலெக்சாந்தர். அதைச் சொல்லும் கல்வெட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் செங்குத்துப் பாறை எழ, மீண்டும் நிறுத்திய ஐந்து தூண்கள் நிற்கின்றன. மற்ற தூண்களின் உருளைக் கற்கள் காலடியில் சரிந்து கிடக்கின்றன.

அரங்கத்தைத் தவறவிடாதீர்கள். மேடையைச் சுற்றி முன்வரிசையில் பெரிய மனிதர்களுக்கான பளிங்கு இருக்கைகள் உண்டு. குனிந்து பாருங்கள்: அவற்றின் கால்களைச் சிங்கப் பாதமாகச் செதுக்கியிருக்கிறார்கள், நகங்கள்கூடத் தெரியும். பிறகு கோயில் மேடைக்குத் திரும்பி வந்து தெற்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை வயல். கடல் இன்று 10 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது.

4. டிடிமா

சோக்கேவுக்குத் திரும்பி, திதிம் போகும் மினி பஸ்ஸைப் பிடியுங்கள். பழைய டிடிமா இருக்கும் இன்றைய ஊர்தான் திதிம். வண்டி சமவெளியைக் குறுக்கே கடந்து போகும். அன்றிரவு திதிமில் தங்கிவிடுவது நல்லது; டிடிமாவில் இருக்கும், கிரேக்கத் தெய்வமான அப்பொல்லோவின் கோயிலை அவசரமாகப் பார்ப்பது பாவம். தூண்கள் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். மூன்றுதான் முழுதாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு, தூணின் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்கள் வெட்டவே இல்லை. வேலை முடியாமல் நின்றுபோன கோயில் இது.

இருண்ட சுரங்கப் பாதை வழியாக உள் முற்றத்துக்கு இறங்குங்கள். அங்கே உள்சுவர்களில் மெல்லிய கோடுகள் கீறப்பட்டிருக்கின்றன. தூண்களையும் மற்ற பகுதிகளையும் எப்படிச் செதுக்குவது என்று கட்டியவர்கள் போட்ட வரைபடங்கள் அவை. பல நூற்றாண்டுகளாக யார் கண்ணிலும் படாதவற்றை 1979-ல் கட்டடக்கலை ஆய்வாளர் லோத்தர் ஹாசல்பெர்கர் கண்டுபிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில்தான் ஓரளவு தெரியும். ஆகவே காலையிலோ மாலையிலோ போங்கள்.

5. மிலேத்து

இங்கே மட்டும் பஸ்ஸை நம்ப வேண்டாம். திதிமிலிருந்து டாக்சி பேசுங்கள். போய்வரும் கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அரங்கத்தின் உச்சி வரிசைக்கு ஏறி மேற்கே பார்த்தால், சமவெளியில் ஒரு சிறு குன்று தெரியும். அதுதான் லாடே தீவு. கி.மு. 494-ல் அயோனியக் கப்பற்படையை, அதாவது இந்தக் கடற்கரைக் கிரேக்க நகரங்களின் படையை, பாரசீகர்கள் தோற்கடித்தது அதன் அருகேதான். கப்பல்கள் மோதிக்கொண்ட இடத்தில் இன்று உழவு நடக்கிறது.

திரும்புவதற்குச் செல்ச்சுக் வரை போக வேண்டியதில்லை. திதிம் ஓட்டோகாரிலிருந்து இஸ்மிருக்கு நேரடி பஸ் இருக்கிறது. டிக்கெட்டை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள்.