அது நம்ம ஊர் செம்பருத்தி இல்லை: குளிர்தாங்கும் ஹைபிஸ்கஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரொண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ ஜூன் மாதம் ஒரு நர்சரிக்குள் போனால், "ஹைபிஸ்கஸ்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு செடிகள் விற்பனைக்கு நிற்கும். ஒன்று நம் ஊர்ச் செம்பருத்தி. யாழ்ப்பாணத்தார் சொல்லும் செவ்வரத்தை. இரண்டாவது, ரோஸ் ஆஃப் ஷரோன் எனப்படும் மரத்தண்டுப் புதர். மூன்றாவதுதான் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கும் ஹார்டி ஹைபிஸ்கஸ், அதாவது குளிர்தாங்கும் வகை. ஊரில் செம்பருத்தி வளர்த்துப் பழகிய கை இந்த மூன்றாவதிடம்தான் அதிகம் தவறுகிறது. செம்பருத்திக்கு எது சரியோ அது பல இடங்களில் இதற்கு நேர்மாறு.

இதன் மூலச்செடி ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டஸ். அமெரிக்காவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களிலும் ஒன்டாரியோவின் தென்கோடி ஏரிக்கரைகளிலும் சதுப்பு நிலத்தில் தானாக வளர்வது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இதையும் இதன் உறவுச் செடிகளையும் கலந்து உருவாக்கிய ரகங்கள். சதுப்பில் பிறந்தது, பனிக்காலத்தில் தரைக்கு மேல் முழுதாகச் செத்து வேரில் மட்டும் உயிரை வைத்திருப்பது: இந்த இரண்டும் மனதில் இருந்தால் கீழே வரும் பாதித் தவறுகள் நடக்காது.

வாங்கும்போது இலையைப் பாருங்கள்

பூவைப் பார்த்து வாங்குவதுதான் முதல் சறுக்கல். செம்பருத்தியின் இலை கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஹார்டி ஹைபிஸ்கஸின் இலை பெரிது. மினுமினுப்பில்லாமல் இதய வடிவிலோ மேப்பிள் இலைபோல் பிளவுபட்டோ இருக்கும். 'காப்பர் கிங்', 'மிட்நைட் மார்வெல்' போன்ற சில ரகங்களில் இலையே செம்பு நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ வரும். பூவின் நிறமும் ஒரு துப்பு. ஹார்டி வகையில் வெள்ளை, ரோஸ், சிவப்பு, இவற்றின் கலவைகள்தான் வழக்கம். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் என்றால் அது வெப்பமண்டலச் செம்பருத்தி. முதல் உறைபனியிலேயே கருகிவிடும். நீலம் கலந்த ஊதா, பூ மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் இல்லை, தண்டு மரம்போல் இருக்கிறது என்றால் ரோஸ் ஆஃப் ஷரோன்.

அட்டையில் "சோன் 4–9" அல்லது "5–9" என்று, செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்று காட்டும் மண்டல எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணே இல்லாமல் "பேட்டியோ ஹைபிஸ்கஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் நம் ஊர்ச் செடிதான். அதை வாங்கக்கூடாது என்பதில்லை. ஆனால் இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் முன் அதை வீட்டுக்குள் எடுத்தாக வேண்டும் என்பது தெரிந்து வாங்குங்கள்.

இடம்: நிழலும் நெருக்கமும்

குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். 8 கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் குறைந்தால் தண்டு நீண்டு சாயும், மொட்டு குறையும். இந்தச் செடிக்குக் குளிர் பிரச்சினையே இல்லை. கோடைச் சூடு போதாமைதான் பிரச்சினை. லண்டன் பக்கம் பலருக்கு இது உயிரோடு இருந்தும் சரியாகப் பூக்காமல் போவதற்கு அதுதான் காரணம். அங்கெல்லாம் தெற்கு பார்த்த சுவரோரம் தவிர வேறிடம் யோசிக்க வேண்டாம்.

ஒரு கேலன் தொட்டியில் ஓர் அடி உயரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் அதே செடி நான்கைந்து அடி உயரம், மூன்று நான்கு அடி அகலம். செடிக்குச் செடி 3 முதல் 4 அடி விடுங்கள். பாத்தியின் முன்வரிசையும் வேண்டாம். ஜூன் வரை அந்த இடம் வெறும் மண்ணாகவே கிடக்கும். சுற்றிலும் துலிப், டாஃபடில் கிழங்குகளை ஊன்றினால், அவை பூத்து முடியும் நேரத்தில் இது எழுந்து வந்து அவற்றின் வாடிய இலைகளை மறைத்துக்கொள்ளும்.

கடைசி உறைபனி போன பிறகு நடவு. டொரொண்டோவில் மே கடைசி வாரம். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரு மடங்கு, ஆழம் தொட்டியில் இருந்த அதே மட்டம். வேர் தொட்டியைச் சுற்றிச் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடாமல் நடாதீர்கள். சுருண்ட வேர் அப்படியே சுருண்டுகொண்டிருக்கும். செப்டம்பரில் பாதி விலைக்குக் கிடைக்கும் செடி ஆசை காட்டும். மண் உறைய இன்னும் ஆறு வாரமாவது இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர்: பழைய பாடம் இங்கே தலைகீழ்

"செம்பருத்திக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மண் காய்ந்த பிறகு ஊற்று" என்பது நமக்கு ஊறிப்போன பாடம். அதன்படியே இதற்கும் ஊற்றினால், ஜூலை வெயிலில் கீழிலைகள் மஞ்சளாகி உதிரும், ஓரங்கள் கருகும். முக்கியமாக, விரியக் காத்திருந்த மொட்டுகள் கொட்டிவிடும். மொட்டு உதிர்ந்ததும் பூச்சி மருந்தைத் தேடுவதற்கு முன் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். பல நேரம் விடை அங்கேயே இருக்கும்.

நிலத்தில் நட்ட செடிக்கு வாரம் 1 முதல் 2 அங்குல மழை அளவு தண்ணீர் வேண்டும். அதைத் தினம் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாக இறங்கும்படி விடுவது மேல். கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து விழும் ஈரமான மூலை, வெயிலும் படுவதாக இருந்தால், இதற்கு ராஜாவீடு. தொட்டியில் வைத்தவர்கள் கடும் வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டிவரும். கோடையில் மட்டும், தொட்டியின் கீழ் தண்ணீர்த் தட்டு வைக்கலாம். செம்பருத்திக்குச் செய்யக்கூடாத வேலை, இதற்குச் செய்யலாம். அடியில் 2 முதல் 3 அங்குல மூடாக்கு போடுங்கள். தண்டோடு ஒட்டாமல் கைவிரல் அகலம் தள்ளி.

"பூ வர" போடும் உரம்

கடையில் "ப்ளூம் பூஸ்டர்" என்று 10-52-10 போன்ற எண்களோடு விற்பார்கள். நடு எண் மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஹைபிஸ்கஸ் குடும்பத்துக்கு அது இவ்வளவு தேவையில்லை. மண்ணில் மிஞ்சும் மணிச்சத்து, இரும்பு முதலிய நுண்சத்துகளைச் செடி எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக, இலைப்பரப்பு வெளிறி நிற்பது அதன் அடையாளங்களில் ஒன்று. அதைப் பசி என்று நினைத்து மேலும் அதே உரத்தைப் போடுவதுதான் வேதனை. இன்னொரு பக்கம், புல்தரைக்குப் போடும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் பக்கத்தில் சிந்தினால் இலை மட்டும் மதமதவென்று வளரும்.

நடு எண் குறைவாக உள்ள, மெதுவாகக் கரையும் உரத்தை, தளிர் அரை அடி வந்ததும் ஒரு முறை, ஜூலை தொடக்கத்தில் ஒரு முறை, பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டால் போதும். ஆகஸ்ட் நடுவில் நிறுத்திவிடுங்கள். வசந்தத்தில் இரண்டு அங்குலம் மக்கிய கம்போஸ்ட் பரப்பினால் பல தோட்டங்களில் இதுவும் தேவைப்படாது. வெங்காயத் தோல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஊற்றலாம். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. சமையல் கழிவை அப்படியே வேரடியில் புதைப்பது மட்டும் வேண்டாம். டொரொண்டோ ரக்கூன் இரவோடு இரவாகச் செடியையும் சேர்த்துத் தோண்டி வைத்துவிடும்.

நுனி கிள்ளுவதில் அவசரமும் தாமதமும்

கிளை பெருக நுனி கிள்ளுவது நல்ல பழக்கம்தான். உயரமான பழைய ரகங்களுக்குத் தளிர் 6 முதல் 8 அங்குலம் வந்ததும் ஒரு கிள்ளு, ஓர் அடி வந்ததும் இன்னொன்று என்பது வழக்கம். ஒவ்வொரு கிள்ளலும் பூப்பதைச் சில வாரம் தள்ளும். கோடை குறுகிய இடங்களில் ஒன்றோடு நிறுத்துங்கள். ஜூன் முடிந்த பிறகு கிள்ளினால் அந்த ஆண்டு மொட்டைக் கிள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். இப்போது வரும் குட்டையான ரகங்கள் பல தாமாகவே அடியிலிருந்து கிளைக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

இலையில் சல்லடை

இலை நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சியிருந்தால் இரண்டு பேரைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று ஜப்பான் வண்டு. 1916-இல் நியூ ஜெர்சியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று கிழக்குப் பகுதி முழுதும் பரவிவிட்டது. செம்பு நிற முதுகு, பளபளக்கும் பச்சைத் தலை. ஜூன் இறுதி முதல் இலையோடு பூவையும் தின்னும். அதிகாலையில் சோம்பிக் கிடக்கும்போது, சோப்புத் தண்ணீர் உள்ள வாளியைக் கீழே பிடித்துக்கொண்டு தட்டிவிட்டால் விழுந்துவிடும். கடையில் விற்கும் வாசனைப் பொறியைச் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது பெரிய தவறு. அது பிடிப்பதைவிட அதிக வண்டுகளை அக்கம்பக்கத்திலிருந்து அழைத்து வரும்.

இன்னொன்று ஹைபிஸ்கஸ் ரம்ப ஈயின் புழு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அதிகம். இலையின் அடிப்புறம் சின்னப் பச்சைப் புழுக்களாக, கருந்தலையோடு கூட்டமாக இருக்கும். பார்க்கக் கம்பளிப்புழு இனம்போல் தெரிவதால், பாக்டீரியாவிலிருந்து செய்யும் "பி.டி." மருந்து அடிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பி.டி. குர்ஸ்டாகி வகை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களை மட்டுமே கொல்லும். இது ரம்ப ஈயின் வாரிசு. மருந்தைத் தின்றுவிட்டு இலையையும் தின்னும். மே இறுதியிலிருந்து வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் நசுக்குங்கள். மிஞ்சினால் பூச்சிகொல்லி சோப்பு, அல்லது ஸ்பினோசாட். தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில் மட்டும் அடிக்கவும். ஒன்டாரியோவில் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி அடிப்பதற்கு 2009 முதல் தடை இருப்பதால், எது அனுமதிக்கப்பட்டது என்று கடையில் கேட்டே வாங்குங்கள்.

எந்த எண்ணெய்க் கரைசலையும் உச்சி வெயிலில் அடித்தால் பூச்சிக்கு முன் இலை வெந்துவிடும்.

கத்தரிப்பும் போத்தும்

ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான். வாடியது தானே உதிரும். மழைக்காலத்தில் இலைமேல் ஒட்டிக் கூழானால் எடுத்துவிடுங்கள். விதைக்காய் வேண்டாதவர்கள் அதையும் கிள்ளலாம். செப்டம்பரில் பூ முடிந்ததும் தண்டை வெட்டுவதுதான் தவறு. இலை பச்சையாக இருக்கும்வரை அடுத்த ஆண்டுக்கான உணவு வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. உறைபனி பட்டு எல்லாம் கருத்த பிறகு 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். தரைமட்டமாக வெட்டினால் வசந்தத்தில் செடி எங்கே இருந்தது என்றே தெரியாது. காய்ந்த தண்டைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். அடியில் உறங்கும் மொட்டுகளையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

வெட்டிய அந்தக் குச்சிகளைப் பென்சில் கனத்தில் நறுக்கி, ஊரில் செய்வதுபோல் மண்ணில் ஊன்றி வைப்பவர்கள் உண்டு. செம்பருத்திப் போத்து அப்படி வேர்விடும். இது விடாது; அது செத்த தண்டு. ஜூனில், மென்மையான பச்சைத் தண்டில் 4 முதல் 6 அங்குலம் வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமான பெர்லைட் கலவையில் நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். விதையென்றால் ஓடு கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். பெயர் சூட்டிய கலப்பின ரகத்தின் விதை தாயைப்போல் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பனிக்காலத்தில் வீட்டுக்குள் எடுப்பது

தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் பாசத்தில் செய்யும் தவறு இது. சூடேற்றிய வரவேற்பறையில் ஜன்னலோரம் வைத்தால் செம்பருத்தி பிழைக்கும். ஹார்டி ஹைபிஸ்கஸுக்குக் குளிர் உறக்கம் வேண்டும். கிடைக்காவிட்டால் வெளிறிய தளிர்களை விட்டு, சேமித்த சக்தியைத் தீர்த்துக்கொண்டு நலிந்துபோகும். அதே நேரம், தொட்டியை முற்றத்தில் அப்படியே விடுவதும் ஆபத்து. தொட்டிக்குள் இருக்கும் வேருக்கு நிலத்தின் கதகதப்பு கிடைப்பதில்லை. சூடேற்றாத கராஜ்தான் நடுவழி. தண்டை வெட்டி, மண் லேசான ஈரத்தோடு உள்ளே வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர். கராஜ் இல்லையென்றால் அக்டோபர் தொடக்கத்திலேயே தொட்டியோடு மண்ணில் புதைத்து, மேலே அரை அடி காய்ந்த இலை மூடாக்கு.

மே மாதம் மண்வெட்டியோடு போவது

பக்கத்து வீட்டு ஹோஸ்டா, ரோஜா எல்லாம் துளிர்த்துவிட்டன. இது மட்டும் நான்கு காய்ந்த குச்சியாக நிற்கிறது. நகத்தால் குச்சியைச் சுரண்டினால் உள்ளே பழுப்பு. "போயிற்று" என்று தோண்டி எறிகிறார்கள். சுரண்டிப் பார்ப்பது ரோஸ் ஆஃப் ஷரோனுக்குச் சரியான சோதனை. இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் நல்ல ஆரோக்கியமான செடியிலும் பழைய தண்டு செத்துத்தான் இருக்கும். மண் நன்றாகச் சூடேறும்வரை இது எழாது. ஒன்டாரியோவில் மே கடைசியோ ஜூன் முதல் வாரமோ ஆகலாம். குளிர்ந்த வசந்தம் என்றால் இன்னும் தள்ளும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் குச்சியின் அடியில் மண்ணைக் கையால் மெல்ல விலக்கி, வேரும் தண்டும் சேரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணை மூடிவிட்டு, மேலே கனமாகக் கிடக்கும் குளிர்கால மூடாக்கை மட்டும் விலக்குங்கள். வெயில் நேராகப் பட்டு மண் சீக்கிரம் சூடேறும். கொழகொழவென்று நாற்றத்தோடு அமுங்கினால்தான் அழுகிவிட்டது என்று பொருள். ஜூன் இருபது வரை பொறுங்கள். கிளம்பிவிட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு ஓர் அங்குலம்கூட ஏறும். அதற்குள் பொறுமையிழந்து அதே இடத்தில் தக்காளி நாற்றை ஊன்றியவர்கள், ஜூலையில் தக்காளிக்கு நடுவே கட்டைவிரல் கனத்தில் ஹைபிஸ்கஸ் தண்டுகள் எழுந்து நிற்பதைப் பார்ப்பார்கள். அப்போது இடம் மாற்ற வேண்டியது தக்காளியைத்தான்.